மாம்பழ மஞ்சளா, கடுகு மஞ்சளா? விற்பனைப் படங்கள் பற்றிய வாசகர் கேள்வி பதில்

இணையச் சந்தைகளில் பொருள் விற்கும் வாசகர்கள், தங்கள் பொருட்களைப் படம் பிடிப்பதில் எதிர்கொள்ளும் சிக்கல்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, மட்டக்களப்பு நகரில் நெடுங்காலமாக ஒளிப்படக் கலையகம் நடத்திவரும் எமது பத்தியாளர் பதிலளிக்கின்றார்.

மருதமுனையிலிருந்து ஒரு வாசகி: நாங்கள் கைத்தறிச் சேலைகளை பேஸ்புக்கிலும் ஓர் இணையச் சந்தையிலும் விற்கின்றோம். கடுகு மஞ்சள் நிறச் சேலையொன்று படத்தில் மாம்பழ மஞ்சளாகத் தெரிந்ததால், வாங்கியவர் கண்டியிலிருந்து அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரே தறியில், ஒரே நூலில் நெய்த இரண்டு சேலைகள்கூட இரண்டு நிறமாகப் பதிவாகின்றன. எங்கள் கைபேசி பழுதாகிவிட்டதா?

கைபேசியில் பழுதெதுவும் இல்லை, சகோதரி. அது கேட்காத உதவியையும் செய்துவிடுகின்றது, அவ்வளவுதான். தாங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலாவது படத்தில் சேலையின் இடப்பக்க மடிப்புகள் யன்னல் வெளிச்சத்திலும் வலப்பக்க மடிப்புகள் கூரையில் எரியும் மஞ்சள் குமிழின் வெளிச்சத்திலும் இருக்கின்றன. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகில் அளப்பார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். யன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின் அளவிலும், வீட்டு மஞ்சள் குமிழின் வெளிச்சம் 2700 முதல் 3000 கெல்வின் அளவிலும் இருப்பதால், இரண்டையும் ஒருசேரச் சரிப்படுத்த எந்தக் கெமராவாலும் இயலாது. ஆகவே, படம் பிடிக்கும்போது அறையிலுள்ள குமிழ்கள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். மாம்பழ மஞ்சள் அந்தக் குமிழிலிருந்து வந்ததேயன்றிச் சேலையிலிருந்து வந்ததன்று.

ஒரே நூலில் நெய்த இரண்டு சேலைகள் வேறுபட்டதற்குக் காரணம் வேறு. ஒரு படத்தில் சேலைக்குப் பின்னே வெள்ளைச் சுவர் தெரிகின்றது. மற்றதில் சேலையே படச் சட்டம் முழுவதையும் நிறைத்து நிற்கின்றது. சட்டம் முழுவதும் மஞ்சளாக இருந்தால், வெளிச்சமே மஞ்சளாக இருக்கின்றது என்று கைபேசி முடிவுசெய்து, அதைச் சரிக்கட்ட நீலத்தைக் கூட்டிவிடும். அப்போது மஞ்சள் வெளிறும். சிவப்புச் சேலைக்கும் நீலச் சேலைக்கும் அது வேறு வேறு திருத்தங்களைச் செய்யும். இந்த ஊகத்தை நிறுத்துவதற்கு, கெமராச் செயலியில் ‘ப்ரோ’ என்ற முறையைத் திறந்து, வெள்ளையை வெள்ளையாகவே காட்டுவதற்கான ‘வெண்சமநிலை’ அமைப்பைத் தானியங்கியிலிருந்து விலக்கி, 5500 போன்ற ஓர் எண்ணில் நிறுத்திவிட வேண்டும். அந்த வசதி இல்லாத அண்ட்ரொய்ட் கைபேசியாயின் ‘ஓப்பன் கெமரா’ என்னும் இலவசச் செயலியை நிறுவிக்கொள்ளலாம்.

இதைவிடத் திருத்தமான வழி, ஒளிப்படக் கடைகளில் கிடைக்கும் 18 வீதச் சாம்பல் அட்டையை (எந்த நிறச்சாய்வும் இல்லாத சாம்பல் நிற அட்டையை)ப் பயன்படுத்துவதாகும். முதல் படத்தில் மட்டும் அட்டையைச் சேலையின்மேல் வைத்துப் பிடியுங்கள். அதன்பின் அட்டையை எடுத்துவிட்டு, வெளிச்சம் மாறாதவரை எல்லாச் சேலைகளையும் பிடியுங்கள். திருத்தும் செயலியில் வெண்சமநிலைக்கான சொட்டுக்குழாய்க் குறியை முதல் படத்தின் அட்டைமீது வைத்தால் நிறம் சரியாகிவிடும். அந்தத் திருத்தத்தையே ஏனைய படங்களுக்கும் ஒட்டிவிடலாம். அட்டைக்குப் பதிலாக வெள்ளைத் தாளை வைத்தாலும் ஓரளவு வேலை நடக்கும்; ஆனால் அச்சுத் தாள்களில் வெண்மை கூட்டும் இரசாயனம் சேர்க்கப்படுவதால், பகல் வெளிச்சத்தில் அவை இலேசான நீலம் காட்டும், அந்த நீலத்தை நீக்கப்போய்ச் சேலை மீண்டும் மஞ்சளாகும்.

யன்னலைப் பற்றியும் ஒரு விடயம் சொல்ல வேண்டும். வடக்கு யன்னலின் வெளிச்சமே சிறந்தது என்று ஒளிப்படப் பாடங்களில் படித்திருப்பீர்கள். அது ஐரோப்பியருக்குப் பொருந்தும் பாடம். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஏழரைப் பாகை வடக்கே இருக்கின்றோம். சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன்னதாகச் சூரியன் நமது உச்சந்தலைக்கு நேரே வந்து, அதன்பின் செப்டெம்பர் முதல் வாரம் வரையில் நண்பகலில் வடக்குப் பக்கமாகவே நிற்கின்றது. அந்த மாதங்களில் நேர் வெயில் படாத மென்மையான வெளிச்சம் தெற்கு யன்னலிலும், எஞ்சிய மாதங்களில் வடக்கு யன்னலிலும் கிடைக்கும். கிழக்கு யன்னலை, கடலிலிருந்து எழும் வெயில் விலகும்வரை, ஏறத்தாழ காலை பத்து மணிவரை, தவிர்த்துக்கொள்ளுங்கள்.

யன்னலுக்கு வெளியே என்ன இருக்கின்றது என்பதையும் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் எனது கலையகத்தில் வெள்ளைச் சட்டைகள் சிலவற்றைப் பிடித்தபோது, எல்லாவற்றிலும் நோயாளியின் முகம் போன்றதொரு பச்சை படிந்திருந்தது. கெமராவைத் திட்டி, வில்லையைத் துடைத்து, ஒரு முழுப் பகலை வீணாக்கிய பின்னரே, யன்னலுக்கு வெளியே தழைத்து நின்ற வேப்பமரத்தைக் கண்டுகொண்டேன். இலைகளில் பட்டுத் திரும்பிய வெயில் அறைக்குள் பச்சையாகவே வந்துகொண்டிருந்தது. மரத்தை வெட்ட மனம் வரவில்லை. யன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினேன்.

தங்கள் படங்களில் இன்னொரு குறையும் உண்டு. தாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகின்றேன். சேலையின் சிறு கட்டங்களின் மேலே, தறியில் இல்லாத வளைவளைவான கோடுகள் நெளிகின்றன. நூல்களின் வரிசையும் கெமரா உணரியின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதும்போது எழும் பொய்க்கோலம் இது. இதை ‘மொய்ரே’ என்பார்கள். அரை அடி முன்னோ பின்னோ நகர்ந்தாலோ, சேலையைச் சற்றுச் சரித்தாலோ பெரும்பாலும் மறைந்துவிடும். பெரிய படத்தைச் சிறிதாக்கும்போதும் இது தோன்றுவதால், பதிவேற்றும் அளவில் ஒருமுறை பார்த்துவிட்டே அனுப்புங்கள். கூர்மையைக் கூட்டும் பொத்தானை நெசவுத் துணிமீது அழுத்தவே வேண்டாம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும், வாங்குபவரின் திரை நமது கையில் இல்லை. சில கைபேசிகள் எல்லா நிறங்களையும் தூக்கலாகவே காட்டும். மயில் நீலம், ஆழ்ந்த ஊதா போன்றவற்றை இணையப் படங்களின் வழமையான நிறப்பரப்பாகிய எஸ்.ஆர்.ஜி.பி. முழுமையாகத் தாங்குவதுமில்லை. ஆதலால் விளக்கக் குறிப்பில் ‘மஞ்சள்’ என்று நிறுத்தாமல், ‘கடுகு மஞ்சள், மாம்பழ நிறத்தைவிட மங்கலானது’ என்று எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி திரும்பி வரும் பொதிகளைக் குறைக்கும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர்: பனையோலைப் பெட்டிகளை இலண்டனிலுள்ள தம்பி மூலம் வெளிநாட்டு இணையச் சந்தையொன்றில் இட முயன்றபோது, பின்புலம் வெள்ளையாக இல்லை என்று படங்கள் நிராகரிக்கப்பட்டன. நான் வெள்ளைப் பிரிஸ்டல் போட்டின்மேல் வைத்தே பிடித்திருந்தேன்.

பிரிஸ்டல் போட் வெள்ளைதான். படத்தில் அது சாம்பலாகத்தான் வரும். எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பலின் பிரகாசத்துக்குக் கொண்டுவருவதற்கே கெமராவின் ஒளிமானி பழக்கப்பட்டிருக்கின்றது. சட்டத்தின் பெரும்பகுதி வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் மிதமிஞ்சிவிட்டதென்று எண்ணி அது படத்தை இருட்டாக்கும். எனவே, ஒளி ஈடுகட்டும் அளவை (‘எக்ஸ்போஷர் கொம்பென்சேஷன்’) நீங்களே கூட்டல் 0.7 முதல் 1.3 வரை உயர்த்த வேண்டும்.

தளங்கள் கேட்கும் வெள்ளை, கண்ணுக்குத் தெரியும் வெள்ளையிலும் கண்டிப்பானது. உதாரணமாக, அமேசனின் விதிப்படி முதற்படத்தின் பின்புலம் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் 255 ஆகவுள்ள தூய வெள்ளையாக இருக்க வேண்டும். பொருள் சட்டத்தின் 85 வீதத்தை நிரப்ப வேண்டும். எழுத்தோ, இலச்சினையோ, நீர்க்குறியோ இருத்தலாகாது. வாங்குபவர் பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமாயின் நீண்ட பக்கம் குறைந்தது 1000 புள்ளிகளாவது (பிக்சல்களாவது) இருக்க வேண்டும். ஈபே 500 புள்ளிகளைக் குறைந்தபட்சமாகக் கேட்டாலும் 1600 புள்ளிகளையே பரிந்துரைக்கின்றது. நான் எதையும் 2000 புள்ளிச் சதுரமாகச் சேமித்து வைப்பேன். அதிலிருந்து எந்தத் தளத்துக்கும் குறைத்துக்கொள்ளலாம், சிறியதிலிருந்து பெரிதாக்க இயலாது.

செய்முறை இதுதான். போட்டை மேசையிலும் சுவரிலுமாக, மூலையில் மடிக்காமல் வளைத்து ஒட்டுங்கள். மடித்தால் அந்த மடிப்பு சாம்பல் கோடாக விழும். பெட்டியைச் சுவர்ப்பக்கத்திலிருந்து இயன்றவரை முன்னே இழுத்து வையுங்கள். பின்புலத்துக்கெனத் தனியாக ஒரு குமிழ் வைக்க முடிந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அக்குமிழும் உங்கள் மற்ற வெளிச்சமும் ஒரே கெல்வினில் இருக்க வேண்டும். எஞ்சிய சாம்பலைத் திருத்தும் செயலியின் வளைகோட்டில் (‘கர்வ்ஸ்’) வெண்புள்ளியை நகர்த்தி நீக்கலாம். கணினியில் ‘ஜிம்ப்’ என்னும் இலவச மென்பொருளின் நிறங்காட்டியால் நான்கு மூலைகளையும் தொட்டு 255 என்ற எண்ணைச் சரிபாருங்கள்.

பனையோலைக்கு இங்கே ஓர் ஆபத்து உண்டு. வெளிறிய ஓலையின் விளிம்பு, வெள்ளையைக் கூட்டக் கூட்டப் பின்புலத்தோடு கரைந்துவிடும். தங்கள் மூன்றாவது படத்தில் மூடியின் இடது விளிம்பு அவ்வாறே காணாமற்போயிருக்கின்றது. பெட்டியின் இருபுறமும், சட்டத்துக்குச் சற்று வெளியே, கறுப்பு அட்டைகளை நிறுத்துங்கள். விளிம்பில் மெல்லிய கருங்கோடு படிந்து பெட்டி தனித்துத் தெரியும். பின்புலத்தை முற்றாக வெட்டியெடுக்கும் செயலிகளும் ஓலைப் பின்னலின் பிசிர்களையும் துளைகளையும் விழுங்கிவிடுவதால், இந்தப் பொருளுக்கு அவற்றை நான் நம்புவதில்லை. அவற்றுட் சில இலவசமாகத் தரும் படமும் மிகச் சிறியது. பெட்டிக்கு அடியில் விழும் மெல்லிய நிழலை மட்டும் விட்டுவையுங்கள். அது இல்லாவிட்டால் பெட்டி அந்தரத்தில் தொங்கும்.

வாகரையிலிருந்து ஒரு வாசகர்: தேன் போத்தல்களைப் படம் பிடித்தால் தேன் கறுப்பாகத் தெரிகின்றது, போத்தலும் பளபளக்கின்றது.

தங்கள் படத்தை இரு விரலால் விரித்துப் பார்த்தபோது, போத்தலின் கழுத்தில் விறாந்தையின் கம்பிவலையும், சாரன் உடுத்து இரு கைகளாலும் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நிற்கும் ஒருவரும், அவருக்குப் பின்னால் ஒரு சைக்கிளும் தெரிந்தன. போத்தலைப் பிடிப்பதென்பது, அந்தப் போத்தல் எதையெல்லாம் பார்க்கின்றதோ அதையெல்லாம் பிடிப்பதாகும். ஆகவே அது பார்க்கும் இடங்களைத் துப்புரவாக்குங்கள். இரண்டு பக்கமும் எண்ணெய்த்தாள் அல்லது மெல்லிய வெள்ளைத் துணி கட்டிய சட்டங்களை நிறுத்தி, அவற்றினூடாக வெளிச்சத்தை விடுங்கள். சிறு புள்ளிகளாகத் தெறித்த பளபளப்பு நீண்ட, மென்மையான இரு வெண்கோடுகளாக மாறும். கறுப்புச் சட்டை அணிந்துகொள்ளுங்கள், அல்லது கறுப்புத் துணியொன்றில் வில்லையளவு துளையிட்டு அதற்குப் பின்னே நில்லுங்கள்.

தேன் கறுத்துத் தெரிவது வெளிச்சம் முன்னாலிருந்து மட்டும் வருவதனால்தான். போத்தலின் வடிவத்திலேயே, அதைவிடச் சற்றுச் சிறிதாக ஒரு வெள்ளை அட்டையை வெட்டி, போத்தலுக்குப் பின்னே சாய்த்து மறைத்து வையுங்கள். யன்னல் வெளிச்சம் அட்டையில் பட்டுத் தேனினூடாகத் திரும்பி வரும்போது, தேன் தனது செம்பொன் நிறத்தைக் காட்டும். ஒட்டிய சிட்டையின்மீது மட்டும் பளபளப்பு எஞ்சினால், முனைவாக்கும் (‘போலரைஸ்ட்’) கண்ணாடியுள்ள குளிர்க்கண்ணாடியை வில்லைக்கு முன்னே பிடித்து மெல்லத் திருப்புங்கள். கண்ணாடி, பொலித்தீன் போன்றவற்றில் அது பலன் தரும். உலோக மூடியின் பளபளப்பை அது தீண்டாது. கைரேகைகளைத் துடைக்க மறக்க வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகி: ஆறடிப் பன்பாயைப் படம் பிடித்தால் ஒரு முனை அகன்றும் மறுமுனை ஒடுங்கியும் வருகின்றது.

நீங்கள் பாயின் காலடியில் நின்று, கைபேசியைச் சரித்துப் பிடித்திருக்கின்றீர்கள். பாயைச் சுவரில் தொங்கவிட்டு, கைபேசியை அதன் நடுவுக்கு நேரே, சுவருக்குச் சமாந்தரமாக நிறுத்துங்கள். இடமிருந்தால் பின்னே சென்று இரண்டு மடங்கு வில்லையால் பிடியுங்கள். கைபேசியின் வழமையான வில்லை அகலக்கோணமானது; கிட்டப்போனால் எதையும் பிதுக்கிக் காட்டும். இரண்டாம் படத்தில் பாயின் அருகே ஒரு கதிரையை வைத்தால் அளவு எவருக்கும் விளங்கும்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு வாசகர்: பிள்ளைகளின் சட்டைகளில் எண்பது வகை விற்கின்றேன். தனித்தனியே பார்த்தால் படங்கள் நன்றாகவே உள்ளன; பக்கத்தில் ஒன்றாகப் பார்த்தால் சந்தைக் கும்பல் போல் தெரிகின்றது.

எண்பது படங்களையும் எண்பது தடவைகளில் பிடித்திருக்கின்றீர்கள் என்பது பார்த்தவுடனேயே தெரிகின்றது: சில தொங்குகின்றன, சில தரையில் விரிந்திருக்கின்றன, ஒன்று கதவின் கைபிடியில் மாட்டப்பட்டிருக்கின்றது. முதலில் தொங்கவிடுவதா, விரிப்பதா என்று ஒன்றைத் தீர்மானியுங்கள். விரிப்பதாயின், மேசையின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, சட்டையின் தோள் வரவேண்டிய இடத்தையும் கீழ்விளிம்பு வரவேண்டிய இடத்தையும் சிறு இன்சுலேஷன் டேப் துண்டுகளால் அடையாளமிடுங்கள். கைபேசியைத் தாங்கியொன்றில் பொருத்தி, மேசைக்கு நேர்மேலே நிறுத்துங்கள். தாங்கியின் கால்கள் நிற்கும் இடங்களிலும் தரையில் டேப் ஒட்டுங்கள். அடுத்த மாதம் புதுச் சரக்கு வரும்போது, அந்த அடையாளங்கள் தங்களை அதே இடத்துக்கு அழைத்துவரும். ஒரு வயதுச் சட்டையும் பத்து வயதுச் சட்டையும் சட்டத்தில் ஒரே அளவாகத் தெரிய வேண்டுமா, உண்மையான அளவு வித்தியாசம் தெரிய வேண்டுமா என்பது தங்கள் விருப்பம். முதலாவது பக்கத்தை அழகாக்கும் என்பதால் நான் அதையே தெரிவுசெய்து, அளவை அடிமட்டத்துடன் கூடிய வேறொரு படத்தில் காட்டுவேன்.

ஒவ்வொரு சட்டைக்கும் முன்பக்கம், பின்பக்கம், கழுத்துத் தையல், துணியின் கிட்டப்படம் என்று ஒரே ஒழுங்கைப் பின்பற்றுங்கள். அயன் செய்யாத சட்டையை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். சுருக்கத்தைச் செயலியால் நீக்க ஒரு சட்டைக்குப் பத்து நிமிடம் போகும், அயன்பெட்டிக்கு இரண்டு நிமிடம் போதும்.

எண்பதையும் ஒரே பகலில் முடிக்க முடியாவிட்டால் யன்னலை நம்ப வேண்டாம். யன்னலைத் துணியால் மூடிவிட்டு, சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்னும் அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று பெட்டியில் அச்சிடப்பட்ட, ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு எல்.ஈ.டி. குமிழ்களை இருபக்கமும் சம தூரத்தில் வையுங்கள். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் காற்பங்காகக் குறையும் என்பதால், குமிழின் இடத்துக்கும் டேப் அடையாளம் வேண்டும். படங்களில் கிடைக்கோடுகளாக இருட்டுப் பட்டைகள் விழுந்தால் அது குமிழின் துடிப்பு. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால், திறப்பு நேரத்தை (‘ஷட்டர்’ வேகத்தை) ஐம்பதில் ஒரு செக்கனிலோ நூறில் ஒரு செக்கனிலோ நிறுத்தினால் பட்டைகள் மறையும்.

படங்களுக்குப் பெயரிடுவதில் சோம்பல் வேண்டாம். பொருளின் இலக்கம், நிறம், பக்கம் என்ற ஒழுங்கில் பெயரிட்டால், எண்பது வகைக்கு முந்நூற்று இருபது படங்கள் வந்தாலும் தேடி அலைய நேராது. ஐபோனாயின் அது எச்.ஈ.ஐ.சி. வடிவில் சேமிக்கும், பதிவேற்றுமுன் ஜேபெக் வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். படங்களை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகர்: எனது படங்களை வேறொருவர் எடுத்துத் தமது பக்கத்தில் இட்டு விற்கின்றார். தடுக்க வழியுண்டா? மேலும், செயற்கை நுண்ணறிவுச் செயலியால் படத்தை அழகாக்குவது பிழையா?

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒளிப்படங்களுக்கும் பதிப்புரிமை வழங்குகின்றது. அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. ஆனால் படம் தங்களுடையது என்று காட்ட வேண்டி வரும். திருத்தாத மூலப் படத்தை, அதனுள் பதிவான திகதியும் நேரமும் அழியாமல், வைத்திருங்கள். அதைக் காட்டி முதலில் அந்தத் தளத்திடமே முறையிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: பின்புலத்தை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபமில்லை, பொருளை மாற்றுவதில் உண்டு. இந்தச் செயலிகள் கேளாமலே தையலை நேராக்கும், கரையின் பூவை வேறு பூவாக்கும், இல்லாத பொத்தானை வைக்கும். தவறாக வழிநடத்தும் விதத்தில் வணிகம் செய்வதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு தடைசெய்கின்றது. செயலியில் இட்ட ஒவ்வொரு படத்தையும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏறாவூரிலிருந்து ஒரு வாசகர்: ஐம்பதாயிரம் ரூபாய் வைத்திருக்கின்றேன். கெமரா வாங்கட்டுமா?

வேண்டாம். இப்போதுள்ள கைபேசியே போதும். அசையாத ஒரு தாங்கி, சாம்பல் அட்டை, இரண்டு நல்ல குமிழ்கள், நான்கு பிரிஸ்டல் போட்டுகள், ரெஜிபோம் பலகை இரண்டு. ரெஜிபோம் பலகையை யன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்தினால் பொருளின் நிழற்பக்கம் வெளிச்சமாகும். மிகுதிப் பணத்தைச் சரக்கில் போடுங்கள்.

திருக்கோவிலிலிருந்து ஒரு வாசகி: மாரி காலத்தில் வீட்டுக்குள் வெளிச்சமே இல்லை. தை மாதம் வரை காத்திருக்க வேண்டுமா?

காத்திருக்கத் தேவையில்லை. மழைமுகில் மூடிய வானம் முழுவதும் ஒரு பெரிய வெள்ளைக் குடை போலிருப்பதால், கடும் நிழலே விழாது; கச்சான் காற்றில் புழுதி பறக்கும் ஆடி மாதத்து வெயிலைவிட அது படத்துக்கு நல்லது. கதவுக்கு அருகில், மழைச்சாரல் படாத இடத்தில் மேசையைப் போடுங்கள். கைபேசியைத் தாங்கியில் வைத்து, மூன்று செக்கன் தாமத முறையில் பிடித்தால், திறப்பு நேரம் நீண்டாலும் படம் அசையாது. மேகத்தின் வெளிச்சம் சற்று நீலமாக இருக்கும். வெண்சமநிலையை 6500 கெல்வினுக்கு உயர்த்திக்கொள்ளுங்கள்.